டெஸ்டுக்கு வராதவரின் மூச்சு

[திரை: ஆஸ்பத்திரி அறை. மூக்கில் கிளிப், வாயில் குழாயோடு ஒருவர். பக்கத்தில் டெக்னீஷியன்.]

"நல்லா இழுங்க... இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க!"

ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் குரல் லேசில் மறக்காது. முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, மொத்தமாக எவ்வளவு வந்தது, இரண்டையும் மெஷின் குறித்துக்கொள்ளும். முதல் எண் இரண்டாவதில் 70 சதவீதத்துக்கும் கீழே போனால், மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்குமோ என்று டாக்டர் யோசிப்பார்.

சரி, இந்த எண்ணோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்ப்போம். இவருக்கு வேலை இருக்கிறதா? மனச்சோர்வு இருக்கிறதா?

[திரை: மூன்று வட்டங்கள். நுரையீரல், வேலை, மனம். நடுவே அம்புக்குறிகள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன.]

ஒரு ஊரில் இந்த மூன்றையும் அளந்தால், வேலை இல்லாதவர்களிடம் மூச்சும் குறைவாக இருக்கும், மனமும் சோர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எது முதலில் வந்தது என்பதில்தான் சிக்கல். மூச்சு இளைப்பு வந்ததால் வேலை போயிருக்கலாம். வேலை போனதால் மனம் உடைந்திருக்கலாம். மனம் உடைந்ததால் சிகரெட் கூடி, அப்புறம் நுரையீரல் கெட்டிருக்கலாம்.

அளக்கும் கருவியே கூட இதில் குழப்பம் செய்யும். ரத்தம் எடுக்க நோயாளியின் உற்சாகம் தேவையில்லை. ஊதுவதற்குத் தேவை. அதனால்தான் ஒருமுறை ஊதி விட்டுவிட முடியாது. ஒழுங்காக மூன்று முறையாவது ஊத வேண்டும், அதில் சிறந்த இரண்டுக்கும் நடுவே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பவரை இப்படி ஊத வைப்பது டெக்னீஷியனின் திறமை. எதிர்ப்பக்கமும் இதே கதைதான். 'களைப்பாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா' என்று மனச்சோர்வுக் கேள்வித்தாள் கேட்கும். நாள்பட்ட நுரையீரல் நோயாளி இரண்டுக்கும் 'ஆமாம்' என்பார். அது மனதைச் சொல்கிறதா, மூச்சைச் சொல்கிறதா? 1983-ல் ஸிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்றே ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். உடல் நோயாலும் வரக்கூடிய அறிகுறிகளை முடிந்தவரை அதிலிருந்து விலக்கினார்கள்.

[திரை: கறுப்பு வெள்ளைப் படம். மூடிய நெசவாலை, வெறிச்சோடிய தெரு.]

வேலையிலிருந்து மனதுக்குப் போகும் அம்பைத் தனியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆலையே மூடிவிட்டால், நோயாளி, ஆரோக்கியமானவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் வேலை போகும். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்ற கிராமத்தில் 1930-ல் அதுதான் நடந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் நண்பர்களும் அங்கே போய்த் தங்கி ஆராய்ந்தார்கள். ஜன்னல் ஓரம் கடிகாரத்தோடு நின்று, தெருவில் போகிறவர்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள் என்று கூட அளந்தார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்தது, வேகமாக நடந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேரம்தான் நிறைய இருக்கிறதே, நூலகத்தில் கூட்டம் கூடியிருக்கும் என்று நினைப்போம். கட்டணத்தை ரத்து செய்த பிறகும், புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

[திரை: வேல்ஸ் பள்ளத்தாக்கு. மலைச்சரிவில் வரிசை வீடுகள், சுரங்கத்தின் இரும்புக் கோபுரம்.]

நுரையீரலிலிருந்து வேலைக்குப் போகும் அம்புக்கு பிரிட்டனின் தெற்கு வேல்ஸுக்குப் போக வேண்டும். நிலக்கரித் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து வரும் நோய்க்கு நியூமோகோனியோசிஸ் என்று பெயர். 1943-ல் அதற்கு நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது. நல்லதுதானே? ஆனால் அதில் ஒரு கொக்கி. நோய் இருப்பதாகச் சான்றிதழ் வாங்கினால் சுரங்க வேலையை விட்டுவிட வேண்டும். சுரங்கத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லாத ஊர்களில், ஆயிரக்கணக்கானவர்கள் கையில் சான்றிதழோடு வீட்டில் உட்கார்ந்தார்கள். 1948-க்குப் பிறகுதான் விதி தளர்ந்தது, தூசி குறைவான இடங்களில் வேலை செய்ய வழி கிடைத்தது.

அந்த 1948-ல்தான் ஆர்ச்சி காக்ரேன் என்ற மருத்துவர், வேல்ஸின் கார்டிஃப் நகரம் அருகே இருந்த நியூமோகோனியோசிஸ் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். மருத்துவ ஆதாரங்களைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்புக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். சான்றிதழ் பெரும்பாலும் எக்ஸ்ரேயைப் பார்த்தே கொடுக்கப்பட்டது. ஆனால் நோய் எளிய நிலையில் இருக்கும்போது, எக்ஸ்ரேயில் தெரியும் புள்ளிகளுக்கும் அந்த மனிதர் எவ்வளவு மூச்சு விட முடிகிறது என்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை என்று அந்தப் பிரிவின் ஆய்வுகள் காட்டின. யோசித்துப் பாருங்கள். பலருடைய வேலையைப் பறித்தது நுரையீரல் அல்ல, நுரையீரலின் படம்.

[திரை: ஆலை வாசல். உள்ளே போகிறவர்கள் தெளிவாக. வெளியே நிற்பவர்கள் மங்கலாக.]

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இதுதான். சுரங்க வாசலில் நின்று உள்ளே வேலை செய்பவர்களை மட்டும் அளந்தால் என்ன ஆகும்? மூச்சு கெட்டவர் ஏற்கெனவே போய்விட்டார். மிச்சம் இருப்பவர்களைப் பார்த்தால் தூசி ஒன்றும் செய்யாது போலத் தோன்றும். 1885-லேயே வில்லியம் ஓகல் என்ற ஆங்கிலேய மருத்துவர், தொழில்வாரி இறப்புக் கணக்கைப் பார்க்கும்போது இதைக் கவனித்தார். கடினமான தொழில்கள் பலவீனமானவர்களை வெளியே தள்ளிவிடுகின்றன, மிஞ்சுபவர்கள் வலுவானவர்கள்.

மனச்சோர்வு இந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். படுக்கையை விட்டு எழவே முடியாதவர், 'செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஊத வாருங்கள்' என்ற கடிதத்தைப் பார்த்துக் கிளம்புவாரா? நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் சுமார் நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன. வராதவர்களையும் சேர்த்தால் அது எங்கே போய் நிற்கும்?

காக்ரேன் மனச்சோர்வை அளக்கப் போகவில்லை. காசநோயும் தூசியும் சேர்ந்துதான் நோயை முற்ற வைக்கின்றனவா என்பதே அவர் கேள்வி. ஆனால் வராதவரை விடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதக்காரர். 1950-ல் தொடங்கி, தெற்கு வேல்ஸின் ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில் சுரங்கத்தில் இருப்பவர்கள், சுரங்கத்தை விட்டவர்கள், சுரங்கத்தையே பார்க்காதவர்கள் என்று எல்லோரையும் எக்ஸ்ரே எடுக்க வைக்கப் பாடுபட்டார். சுரங்கத் தொழிலாளர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வந்தார்கள்.

[திரை: மலைச்சரிவு வீடு ஒன்றின் கதவு. யாரோ தட்டுகிறார்கள்.]

அதோடும் விடவில்லை. 1950-ல் பார்த்த அதே ஆண்களில் 1970 வரை யார் இறந்தார்கள், யார் இருக்கிறார்கள் என்று தேடித் தேடிக் கணக்கெடுத்து, 1979-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அப்போது காக்ரேனுக்கு வயது 70.