கம்பெனி சர்வீஸா, கை வேலையா?

வணக்கம் நேயர்களே.

"உங்கள் வாகனத்தின் சர்வீஸ் தேதி நெருங்கிவிட்டது" என்று முதலில் ஒரு குறுஞ்செய்தி வரும். மறுநாள் போன்: "சார், சனிக்கிழமை ஸ்லாட் போட்டுடலாமா?" கார் வைத்திருக்கிற வீடுகளில் இந்த போன் வந்ததுமே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "கம்பெனியிலேயே விட்டுடுங்க, நமக்கு எதுக்கு வம்பு" என்பது ஒரு கட்சி. "ஆயில் மாத்தறதுக்கு இவ்வளவு பில்லா? நாமளே பண்ணிக்கலாம்" என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. சர்வீஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இருபது சின்ன வேலைகள் இருக்கின்றன. அந்த மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு வேலையையும் தனியாக எடுத்துக் கேட்டுப் பாருங்கள்: இதைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும்? தப்பு நடந்தது நம் கண்ணுக்குத் தெரியுமா? வைப்பரைத் தப்பாக மாட்டினால் அடுத்த மழையிலேயே தெரிந்துவிடும். பிரேக்கில் தப்பு செய்தால் தெரிய வருகிற இடம் வேறு.

முதலில் புது கார்காரர்களுக்கு. உங்கள் காருக்கு வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனி சர்வீஸ்தான். மாருதி சுசுகியை எடுத்துக்கொண்டால் 1,000 கிலோமீட்டர், 5,000, 10,000 என மூன்று இலவச சர்வீஸ். இலவசம் என்றால் கூலி மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பில் உண்டு. 2024 ஜூலையிலிருந்து அவர்கள் தரும் வாரண்டி மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. இந்தக் காலத்தில் சில நூறு ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், நாளைக்கு என்ஜினிலோ கியர்பாக்ஸிலோ கோளாறு வந்தால் "ரெக்கார்டு எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்க வேண்டாம்.

"வெளியில் கை வைத்தால் வாரண்டியே போய்விடுமா?" என்று பலர் கேட்பது உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்கிற நிபந்தனை கூடாது, அந்த வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு போயின, வழக்கு நீண்டது. ஆக, சட்டம் பேசி ஜெயிக்கலாம் என்ற தைரியத்தில் வாரண்டிக் காலத்தில் டிரெயின் பிளக்கில், அதாவது ஆயிலை வடிக்கிற திருகில், கை வைக்காதீர்கள். டயர் காற்றும் வைப்பரும் யாரும் கேட்கப்போவதில்லை, அவற்றைத் தாராளமாக நீங்களே பாருங்கள்.

கம்பெனியில் விடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். குளோவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறையோடு தூங்குகிற ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். கடைசிப் பக்கங்களை ஒட்டி ஓர் அட்டவணை இருக்கும்: எத்தனை கிலோமீட்டரில் எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று. காரைத் தயாரித்தவன் கேட்பது அவ்வளவுதான். சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் எழுதுவதை அதோடு ஒத்துப் பாருங்கள். டிகார்பனைசிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி டிஸின்ஃபெக்டன்ட், என்ஜின் டிரெஸ்ஸிங், அடிப்பக்கக் கோட்டிங் என்று வரிசையாக வரும். இதில் சிலது சில நேரம் தேவைப்படலாம். நின்ற இடத்தில் ஓடும்போது என்ஜின் தடுமாறினால், என்ஜினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது நியாயம். தடுமாறாத காருக்கு எதற்கு? "இது மேனுவல்ல எந்தப் பக்கத்தில சார் இருக்கு?" என்று பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள், பாதி வரிகள் தானாக அடிபடும். எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு கையெழுத்து. கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போடச் சொல்வதும் உங்கள் உரிமை. மாற்றினோம் என்று பில்லில் இருக்கிற ஃபில்டர் பழையதாக உங்கள் டிக்கியில் இருந்தால்தான் கணக்கு நேர்.

அட்டவணையில் இன்னொரு சின்ன எழுத்துக் குறிப்பும் இருக்கும், கடினமான பயன்பாடு என்று. தூசி, சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டம், தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி என்ஜின் சூடாகும் முன்பே அணைப்பது எல்லாம் அதில் சேர்த்தி. நம் ஊர் கார்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்குதான். குறைவாக ஓடுகிற காருக்குக் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வருடம் ஒருமுறை ஆயில் மாறியே ஆக வேண்டும்.

இப்போது வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைகள்.

ஏசி ஃபேனை நாலாம் நம்பரில் வைத்தாலும் காற்று லேசாகத்தான் வருகிறது. உடனே "கேஸ் போயிடுச்சு" என்று கேஸ் நிரப்பப் போகிறவர்கள் நிறைய. கேஸ் குறைந்தால் குளிர்தான் குறையும், காற்றின் வேகம் குறையாது. காற்றே வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர் மேல், காருக்குள் வருகிற காற்றை வடிகட்டுவது அதுதான். பெரும்பாலான சின்ன கார்களில் அது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் அது கீழே தொங்கிவிடும். பின்னால் நீளமாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றி ஃபில்டரை மெதுவாக உருவுங்கள். வேகமாக இழுத்தால் மேலே இருக்கிற குப்பை முழுக்க ப்ளோவருக்குள் விழும். வேப்ப மரத்தடியில் நிற்கிற காரென்றால் சருகும் பூவும் மெத்தை மாதிரி இருக்கும். ஓரம் கடித்துத் துளையாகியிருந்தால் எலி வந்து போயிருக்கிறது. அப்படியானால் பானெட்டுக்குள் ஒயர்களையும் பார்த்துவிடுங்கள். புது ஃபில்டரின் விளிம்பில் காற்றோட்டத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். பழையதில் அம்பு எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். ஸ்பேனரே வேண்டாத வேலை இது.

என்ஜின் ஏர் ஃபில்டரும் சுலபம்தான், ஆனால் இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பானெட்டுக்குள் கறுப்புப் பெட்டி, நாலைந்து கிளிப் அல்லது ஸ்க்ரூ. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. லேசாகத் தட்டலாம். காற்று அடிப்பதானால் குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு அடிக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கிற மணலை ஈரத்துணியால் துடையுங்கள். திரும்ப வைக்கும்போது ரப்பர் விளிம்பு பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும். ஓர் ஓரம் மடங்கியிருந்தாலும் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு என்ஜினுக்குள் போகும், சிலிண்டர் சுவரை அரைக்கும். இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது. கிளிப் எல்லாம் சிரமமில்லாமல் பூட்டினால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அழுத்திப் பூட்ட வேண்டியிருந்தால் திறந்து மறுபடி பாருங்கள்.

வைப்பர் ரப்பர் சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து விறைத்துப்போய், ஐப்பசி மழைக்குக் கோடு கோடாக இழுக்கும். புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். டிரைவர் பக்கமும் அடுத்த பக்கமும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது, அளந்து வாங்குங்கள். கழற்றும்போது கண்ணாடி மேல் ஒரு கனமான துண்டு போட்டுவையுங்கள். பிளேடு இல்லாத வெறும் கை ஸ்பிரிங் வேகத்தில் அடித்தால் கண்ணாடியே விரிசல் விடும்.

பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12-க்குக் கீழே என்றால் காலி. ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4. ஓடும்போதும் 12-லேயே நின்றால் கோளாறு பேட்டரியில் இல்லாமல், அதை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம், புது பேட்டரி வாங்கிப் பணத்தை விடாதீர்கள். டெர்மினலில் பூத்திருக்கிற வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் சமையல் சோடா. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியாக மைனஸ்.

டயர் காற்று எத்தனை என்பது டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அது ஆறிய டயருக்கான அளவு. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்க்கில் பார்த்து, நாலு பாயின்ட் கூட இருக்கிறதென்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி ஆயில். எல்லோரும் கேட்பது இதைத்தான், எனக்கும் இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

சின்ன பெட்ரோல் கார் என்றால் மூன்று, மூன்றரை லிட்டர். சரியான அளவும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற கிரேடும் மேனுவலில் இருக்கும். டீசல் காரில் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டி இருந்தால் அதற்கென்று சாம்பல் குறைவான ஆயில் இருக்கிறது, அதைத்தான் ஊற்ற வேண்டும். என்ஜினை ஒரு நாலைந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், ஆயில் இளகி வடியும்; கொதிக்கிற சூட்டில் செய்தால் கை வெந்துவிடும். டிக்கியில் இருக்கிற ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அந்த ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. சமதளத்தில், இரும்பு ஸ்டேண்டு கொடுத்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான்.

என்ஜினுக்குக் கீழே ஆயில் தங்குகிற தொட்டிதான் சம்ப், அதன் அடியில் டிரெயின் பிளக். முனை திறந்த ஸ்பேனர் வேண்டாம், மூலை மழுங்கும். ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். பிளக்கோடு ஒரு சின்ன வாஷர் வரும். நசுங்கி அடைப்பதற்காகவே செய்த வாஷர் அது, ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. வீட்டில் ஆயில் மாற்றியவர்களின் காரடியில் மறு வாரம் சொட்டுச் சொட்டாகக் கறை விழுவது பெரும்பாலும் இந்த வாஷரைத் திரும்பப் போட்டதால்தான். அந்தச் சொட்டை நிறுத்த பிளக்கை இன்னும் இறுக்குகிறார்கள். அங்கேதான் பெரிய செலவு ஆரம்பிக்கிறது. பிளக் இரும்பு, பல கார்களில் சம்ப் அலுமினியம். இறுக்க இறுக்கத் தேய்வது அலுமினிய மரை. பல சின்ன கார்களுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், டார்க் ரெஞ்ச் இருந்தால் கணக்காக நிறுத்தலாம். முதல் மூன்று நான்கு சுற்று விரலாலேயே போக வேண்டும். விரலுக்குப் போகவில்லையென்றால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். திரும்பச் சொல்கிறேன்: புது வாஷர், முதலில் விரல், பிறகுதான் ஸ்பேனர்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். சில நேரம் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம். ஸ்டார்ட் செய்த சில நொடியில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது என்ஜினைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. சொன்ன அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து ஆயில் அளவு காட்டுகிற டிப்ஸ்டிக் குச்சியைப் பார்த்துத்தான் மீதி. அதிகம் ஊற்றினால் என்ஜினுக்குள் சுழல்கிற கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் உராய்வைத் தாங்காது. கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதே கேனில் ஊற்றி ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேண்டு, டார்க் ரெஞ்ச் எல்லாம் வாங்கி வருடம் ஒருமுறை இதைச் செய்வதில் பெரிய லாபம் இல்லை. வாரண்டி முடிந்த காரென்றால் சீல் உடையாத ஆயில், ஃபில்டர், வாஷர் மூன்றையும் நீங்களே பில் போட்டு வாங்கிக்கொண்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் போய்ப் பக்கத்தில் நின்று மாற்றச் சொல்லுங்கள். பொருளும் நம்முடையது, பார்வையும் நம்முடையது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிரேக்கையும் கூலன்டையும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாக முடிக்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்கும், மலையிறக்கத்தில் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். ஆகவே பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏபிஎஸ் உள்ள காருக்கு அது ஒர்க்ஷாப் வேலை. என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்டில் குழாய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குகிற டைமிங் பெல்ட் இருக்கிற கார் என்றால் அது மாற வேண்டிய கிலோமீட்டரை மேனுவலில் இன்றைக்கே பார்த்து வையுங்கள், அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு வளையும். வீட்டில் செய்த வேலையானாலும் தேதி, கிலோமீட்டர், வாங்கிய பில் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தக் கவரைத்தான். நன்றி, வணக்கம்.