மாமியாரும் வீட்டுக்கூட்டங்களும்: சியோல் நகரத்துப் பெரிய சபையின் கதை

நேயர்களுக்கு வணக்கம். பரிசுத்த ஆவியின் வரங்களை முன்னிறுத்தும் கிறிஸ்தவச் சபைகளை, அதாவது பெந்தெகொஸ்தே சபைகளை, அவை நகரங்களில் இயங்கும் விதத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். இந்தப் பேச்சை எங்கே தொடங்கினாலும் நான் தென்கொரியாவின் சியோலில் போய்த்தான் நிற்பேன். அங்கே இருக்கிறது யோய்டோ பூரண சுவிசேஷ சபை. 2007இல் அதன் உறுப்பினர்கள் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். உலகத்திலேயே பெரிய சபை என்று அதற்குப் பெயர்.

தொடங்கியவர் யார் என்று கேட்டால் நம் ஊர் விசுவாசிகள் சட்டென்று பால் யாங்கி சோ என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி சோய் ஜா ஷில் என்ற அம்மையாருடையது. தாதிப் படிப்பு படித்தவர், வியாபாரத்தில் நொடித்தவர், தாயையும் ஒரு மகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். வேதாகமக் கல்லூரியில் சோவுக்குச் சக மாணவி; வயதில் 20 ஆண்டுக்கு மேல் மூத்தவர். சோ நோயில் விழுந்தபோது பார்த்துக்கொண்டவரும் இவரே. 1958 மே மாதம் இவர் வீட்டில்தான் முதல் ஆராதனை நடந்தது. வந்தவர்கள் அம்மையாரின் மூன்று பிள்ளைகளும், மழைக்கு ஒதுங்கிய ஒரு பாட்டியும். அப்புறம் கூடாரம் போட்டார்கள். 1965இல் இவருடைய மகளைச் சோ மணந்தார். கூட ஊழியம் செய்தவர் மாமியாரும் ஆனார்.

அப்போது கொரியப் போர் ஓய்ந்து ஐந்தே ஆண்டு. கூடாரத்துக்கு வந்த ஜனங்கள் பசியிலும் நோயிலும் இருந்தவர்கள். ஆத்துமா வாழ வேண்டும், காரியம் வாய்க்க வேண்டும், உடம்பு சுகப்பட வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துப் பிரசங்கித்தார் சோ. யோவானின் மூன்றாம் நிருபம், இரண்டாம் வசனம்தான் அதற்கு ஆதாரம். செழிப்பு உபதேசம் என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சரி, என் பிடித்தமான கதைக்கு வருகிறேன். 1964இல் ஒரே நாளில் ஏராளமான பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் களைத்த சோ, அன்றே மயங்கி விழுந்தார். தனியாளாக இத்தனை பேரைப் பார்க்க முடியாது என்று புரிந்தது. தெருவுக்குத் தெரு வீட்டுக்கூட்டம் வைத்து நடத்துங்கள் என்று சபையின் ஆண்களைக் கேட்டார். அவர்கள் தயங்கினார்கள். பெண்களைக் கேட்டார். ஒப்புக்கொண்டார்கள். ஆண் பேசப் பெண் கேட்கிற கன்பூசிய மரபு ஊறிய சமூகம் அது, கவனியுங்கள். பெண் சொல்லி நாங்கள் கேட்பதா என்ற முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? ஆனாலும் வேலை நடந்தது.

எப்படி நடந்தது? சோ சொல்லுகிற ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. அடுக்குமாடியில் குடியிருப்பவர். யாரையும் தெரியாது, கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார், லிஃப்டில் ஏறி மேலும் கீழும் போய்வந்தார். குழந்தையோடு வருகிறவளிடம் குழந்தையை வாங்கிக்கொள்வது, சாமான் பையோடு திணறுகிறவருக்கு ஒரு கை கொடுப்பது. பழக்கம் வந்தது, ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டார், கூட்டம் உண்டானது. நம் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிற அக்காமாரை உங்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் வேலை போனது என்ற விவரமெல்லாம் போதகருக்கு முன்னால் அவர்களுக்கு வந்துவிடும். அதே கைவேலைதான் அங்கேயும். 1960இல் சுமார் 24 லட்சம் பேர் இருந்த சியோல், 1980இல் 84 லட்சத்தை எட்டியது. கிராமத்தை விட்டு வந்தவர்களுக்கு உறவு என்று சொல்ல இந்தக் கூட்டங்கள்தான் கிடைத்தன. கூட்டம் பெருத்தால் இரண்டாகப் பிரியும், புதிதாக ஒரு தலைவி வருவார். மறுபடியும் சொல்கிறேன், சபைக்கு அத்தனை லட்சம் உறுப்பினர்களைச் சேர்த்ததில் பெரும்பங்கு மேடைக்கு இல்லை, இந்தப் பெண்களுக்குத்தான். ஆனால் முடிவெடுக்கும் மூப்பர் பதவிகள் நெடுங்காலம் ஆண்கள் கையில்தான் இருந்தன.

அம்மையார் 1973இல் ஓசான்ரியில் விசுவாசிகள் தங்கி உபவாசித்து ஜெபிக்கும் இடமாக ஓர் உபவாச ஜெப மலையையும் தொடங்கினார். 1989இல் அவர் காலமான பிறகு அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், நேரம் குறைவு. சுருக்கமாகச் சொல்கிறேன். 1973இல் சபை ஹான் ஆற்றுத் தீவான யோய்டோவுக்குக் குடிபோனது. சுற்றிலும் நாடாளுமன்றம், வங்கிகள், ஒளிபரப்பு நிலையங்கள் எழும்பின. 1988இல் சபையே ஒரு நாளிதழ் தொடங்கியது. ஏழைகளின் கூடாரம் செல்வாக்குள்ள நிறுவனமாயிற்று. செழிப்பு உபதேசம் அங்கே வேறு மாதிரி ஒலித்தது. மகன் சம்பந்தப்பட்ட பங்கு வியாபாரத்தில் சபைக்கு நஷ்டம் உண்டாக்கியதாக 2014இல் சோவை நீதிமன்றம் குற்றவாளி என்றது, சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அவர் 2021இல் மறைந்தார். அதற்கு முன்பே, 2008இல், சபையின் தலைமைப் பொறுப்பு போதகர் லீ யங்-ஹூன் கைக்கு வந்திருந்தது. அவர் சோவின் மகனல்ல, சபையில் வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கிளைச் சபைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்ட கதையும் இருக்கிறது, அதற்கு இன்றைக்கு நேரமில்லை. வணக்கம்.