ரெனீராவோட முடிவை 2013-லேயே சொல்லிட்டாங்க! அப்புறம் எதுக்கு ‘புக்ல அப்படி இல்ல’ சண்டை?

(திரையில்: பேலோர் கோயில், ஜாஃப்ரி, மார்ஜரி)

‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ சீரியல் புக்கை மாத்திடுச்சுன்னு ரசிகர்கள் சண்டை போடுறாங்க. ஆனா அதோட நாயகி ரெனீராவோட முடிவு எப்பவோ வந்தாச்சு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ மூணாவது சீசன். வருங்கால மனைவிக்குக் கோயிலைச் சுத்திக் காட்டிக்கிட்டே ராஜா ஜாஃப்ரி குஷியா ஒரு கதை சொல்றான்: ரெனீராவை அவ தம்பியோட டிராகன் தின்னுச்சு, அவ மகன் கண்ணு முன்னாடி. ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ வந்ததே 2022-ல. ஒன்பது வருஷம் முன்னாடியே கிளைமாக்ஸ் அவுட்! ஸ்பாய்லர்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க, ஜாஃப்ரிகிட்ட போங்க.

பின்னணி வேகமா: ராஜா விசெரிஸ் மகள் ரெனீராவை வாரிசுன்னு அறிவிக்கிறார், ரெண்டாவது மனைவி அலிசெண்டுக்குப் பையன் பொறக்குறான், ராஜா கண்ணை மூடினதும் குடும்பம் ரெண்டாகுது. போதும்.

இப்ப சண்டைக்கு வருவோம். மூலம் 2018-ல வந்த, ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதின ‘ஃபயர் அண்ட் பிளட்’. அது நாவல் மாதிரி ஓடாது. கில்டேன்னு ஒரு மேஸ்டர், அதாவது அந்த உலகத்து அறிஞர், ரொம்பக் காலம் கழிச்சு எழுதுற வரலாறு. அவருக்கு முக்கியமா மூணு சாட்சி. செப்டன் (பூசாரி) யூஸ்டஸ், அலிசெண்ட் பக்கம் சாய்வார். மன்கன்னு இன்னொரு மேஸ்டர், சிறையில கிடந்த அரசவை மேஸ்டர் ஆர்வைலோட வாக்குமூலத்தை நம்பி எழுதுறார். சிறையில இருக்கிறவன் தன்னைக் குறைச்சா சொல்லுவான்? மூணாவது மஷ்ரூம், அரசவைக் கோமாளி. எல்லாக் கதைக்கும் படுக்கையறை மசாலா தூவுவான். எனக்குப் பிடிச்ச ஆள் அவன்தான்!

அதனால சீரியல்ல ஒரு காட்சி மாறியிருந்தா, முதல்ல புக்ல அதை யார் சொல்றாங்கன்னு பாருங்க. சாட்சிகளே முட்டிக்கிட்டா, திரைக்கதைக்கு அங்க இடம் இருக்கு.

முதல் சீசன், பத்தாவது எபிசோட், கடைசி நிமிஷங்கள். புயல்ல ரெனீரா மகன் லூசெரிஸ், அலிசெண்ட் மகன் ஏமண்ட்கிட்டயிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். அவனோட குட்டி டிராகன் அராக்ஸ் மிரண்டு, அவன் பேச்சைக் கேக்காம ஏமண்டோட ராட்சச டிராகன் வேகார் மூஞ்சியிலேயே நெருப்பைத் துப்புது. வேகாருக்குக் கோவம் தலைக்கேறுது. ஏமண்ட் கடிவாளத்தை இழுத்துக் கத்துறான், கேக்கல; லூசெரிஸ் செத்துப் போறான். புக்ல ஏமண்ட் கொலைகாரன், அவ்ளோதான். ஆனா மேகத்துக்கு மேல நடந்ததைப் பார்த்துட்டு உயிரோட திரும்பின மனுஷன் ஏமண்ட் ஒருத்தன்தான். "என் டிராகன் என் பேச்சைக் கேக்கல"ன்னு அவன் ஊருக்குச் சொல்லுவானா? புக்கும் பொய்யில்ல, சீரியலும் தப்பில்ல.

ஆனா மேலார் விஷயம் வேற. புக்ல அலிசெண்ட் மகள் ஹெலெய்னாவுக்கு இரட்டைக் குழந்தைங்களுக்கு அப்புறம் மேலார்னு ரெண்டு வயசுப் பையன். லூசெரிஸ் சாவுக்குப் பழிவாங்க வந்த கொலைகாரங்க, எந்த மகன் சாகணும்னு சொல்லுன்னு மிரட்ட, அவ சின்னவனைச் சொல்றா. அவனுங்க பெரியவனைக் கொல்றாங்க. தான் சாகக் கொடுத்த பிள்ளை முகத்தை அப்புறம் அவளால பார்க்கவே முடியல. ரெண்டாவது சீசன்ல மேலாரே கிடையாது. இரட்டையர்ல பையன் யாருன்னு கேக்குறாங்க, கை காட்டுறா. வலி இருக்கு, அந்தக் குற்ற உணர்ச்சி போச்சு. இங்க சாட்சித் தகராறுன்னு தப்பிக்க முடியாது. மார்ட்டினே 2024 செப்டம்பர்ல இதைப் பத்தி வருத்தப்பட்டு எழுதினார்.

சரி, ஏமண்ட் வேணும்னே பண்ணினானா? கமெண்ட்ல சொல்லுங்க. மஷ்ரூமை சாட்சிக்கு இழுத்தா செல்லாது.