திருவயிறு வாய்த்த பிராட்டியார்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சோழ அரசியரில் செம்பியன் மாதேவி என்ற பட்டப் பெயர் தாங்கியவர்கள் பலர். நான் பேச வந்திருப்பது மழவரையர் மகளாகப் பிறந்து, கண்டராதித்த சோழருக்கு வாழ்க்கைப்பட்டு, உத்தம சோழனைப் பெற்றெடுத்த அம்மையாரைப் பற்றி. கி.பி. 941-இல், மாமனார் முதலாம் பராந்தகர் ஆண்டுகொண்டிருந்தபோது, திருச்சிக்கு அருகே உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலில் ஒரு விளக்கு எரிய நிவந்தம், அதாவது அறக்கொடை, வைத்த இளம் மருமகளாக அவரைக் காண்கிறோம். 1001-இல், கணவரின் தம்பி வழிப் பேரன் இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டில், திருவக்கரையில் கற்கோயில் எடுப்பித்த மூதாட்டியாகவும் காண்கிறோம். இடையே அறுபது ஆண்டுகள். அவ்வளவு காலமும் அந்தக் கை கொடுத்துக்கொண்டே இருந்தது.

கணவர் கண்டராதித்தர் அரசர் என்பதைவிட அடியார் என்றே சைவ உலகம் அறியும். தில்லைக் கூத்தன்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. 957-ஐ ஒட்டி அவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. அரியணை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. இளம் வயதில் கைம்மை. மடியில் அரசுரிமை தள்ளிப்போன பிள்ளை. அந்தக் குடும்பத்திலேயே பின்னர் சுந்தர சோழனின் தேவி வானவன் மாதேவி, பால் குடிக்கும் மகவைப் பிரிந்து கணவனோடு தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கும். செம்பியன் மாதேவியார் பிள்ளைக்காக உயிரோடு இருந்தார். அவர் வாழ்ந்ததை நான் நன்றியோடு நினைக்கிறேன். அன்று அவரும் போயிருந்தால், காவிரிக் கரையில் நாம் கைகூப்பி நிற்கும் எத்தனையோ கற்றளிகள், கல்லால் எழுந்த கோயில்கள், இல்லை.

மகன் உத்தம சோழன் என்ற பெயரோடு அரசனானான். அதன் பிறகு கல்வெட்டுகள் அம்மையாரை, "உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்" என்று போற்றின. நாட்டுக்கே பேரரசியாக இருந்தவருக்கு, தாய் என்பதே பட்டமாக அமைந்தது.

இனி அவர் கட்டிய கோயில்களுக்கு வருகிறேன். ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது. திருநல்லம் என்ற கோனேரிராசபுரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கோயிலைக் கல்லால் எழுப்பியவர் அம்மையார். ஆனால் கணவர் கண்டராதித்தரின் பெயரால் எழுப்பினார். தென்புறச் சுவரில் ஒரு சிற்பம் இருக்கிறது: சிவலிங்கத்தின் முன்னே கண்டராதித்தர் அமர்ந்து வழிபடுகிறார். இன்னார் பெயரால் இக்கோயில் எடுக்கப்பட்டது, இது அவர் திருமேனி என்று கீழே எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். கணவர் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்பும், அவரை இறைவன் சந்நிதியை விட்டு எழவிடாமல் உட்கார்த்தி வைத்த அன்பு அது. அந்தக் கோயிலைக் கட்டி முடித்த சாத்தன் குணபத்தன் பெயரும் கல்லில் நிற்கிறது. தொழில் செய்தவனை மறக்காத குணம் எல்லாப் பெரிய மனிதரிடமும் இருப்பதில்லை.

கணவர் பாடிப் பரவிய ஆடவல்லானை, அதாவது நடராசரை, அம்மையார் தம் கோயில்களின் சுவர் மாடங்களில் எழுந்தருளச் செய்தார். கணவரின் பாட்டு மனைவியின் கையில் சிலையாயிற்று என்றே நான் கருதுகிறேன். பேரன் இராசராசன் தஞ்சையில் பெரிய கோயில் எடுத்தபோது, நெல் அளக்கும் மரக்காலுக்கும் பொன் நிறுக்கும் கல்லுக்கும் ஆடவல்லான் என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் எந்த வீட்டுக் கூடத்தில் அவன் காதில் விழுந்து பழகியிருக்கும்? நீங்களே சொல்லுங்கள். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும்" என்று, தான் கொடுத்ததோடு தமக்கை குந்தவை கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்னான் அந்தப் பேரன். மற்றவர் அறத்தை மறைக்காத இந்த வழக்கத்தைப் பாட்டி திருக்கோடிகாவலில் முன்பே செய்து காட்டியிருந்தார்.

அதைச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக மாற்றியபோது, அங்கே பழைய கல்வெட்டுகள் உடைந்தும் சிதறியும் கிடந்தன. பல்லவர் காலத்து அறங்கள்கூட அவற்றில் இருந்தன. அம்மையார் அவற்றையெல்லாம் படியெடுத்து, புதுச் சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் உடன் இருக்கிறது. தம் குலத்தார் அல்லாதவர், என்றோ வைத்த விளக்குக்கும் அவர் காவல் நின்றார். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த நாம் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி எழுத்துகளைத் தேய்த்தோம். சுண்ணாம்பும் சிமெண்டும் பூசி மூடினோம். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு கல்லைப் பெயர்க்கும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், படமெடுத்து வையுங்கள்.

மருமகள்கள் அவரை எப்படிப் போற்றினார்கள் என்பதற்கும் சான்று உண்டு. நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயராலேயே அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில், கைலாசநாதர் கோயில் இருக்கிறது. அம்மையார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் அங்கே வழிபாடும் அன்னமும் நடக்க, உத்தம சோழனின் தேவியர் நிவந்தம் அளித்தார்கள். இராசேந்திரன் காலத்தில் அவருக்குத் திருமேனியே எழுந்தருளுவித்து வழிபாட்டுக்கு வழி செய்தார்கள். ஊரார் இன்றும் அந்தச் சித்திரைக் கேட்டையைக் கொண்டாடுகிறார்கள்.

அம்மையாரின் சொந்தப் பேரன் ஒருவரையும் சொல்லிவிட்டு அமர்கிறேன். உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன். பாட்டனாரின் பெயரைத் தாங்கிய அந்தப் பிள்ளைக்கு அரியணை வாய்க்கவில்லை; அது இராசராசனுக்குப் போயிற்று. தந்தையின் ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்தால் அரச குடும்பங்களில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். இவரோ அதே இராசராசனின் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் பொறுப்பேற்று, ஊர் ஊராகப் போய் இறைவனுக்குரியது இறைவனுக்குச் சேர்கிறதா என்று கணக்குக் கேட்டார்.