நிரலில் இல்லாத பொருள்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கூட்டுறவுச் சங்கமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, ஏதேனும் ஒன்றின் பொதுக்குழு அழைப்பிதழ் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்கு என்று பொருள் நிரலை வரிசையாக அச்சிட்டு, கடைசி வரியில் ‘தலைவர் அனுமதியுடன் எழுப்பப்படும் பிற பொருள்கள்’ என்று போட்டிருப்பார்கள். கணக்கு ஒப்புக்கொள்ளப்படுவதற்காகக் கூடிய கூட்டம், அந்தக் கடைசி வரியின் துணையோடு செயலாளரையே மாற்றிவிட்டுக் கலைந்ததும் உண்டு. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நடத்திய எனக்கு, அந்நாட்டின் சமயப் பழமைவாதிகளில் ஒரு பகுதியினர் இன்று கூட்டச் சொல்லும் அரசமைப்பு மாநாட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தக் கடைசி வரிதான் நினைவுக்கு வருகிறது.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, ஆங்கில மூலத்தில் ஒரே ஒரு நீண்ட வாக்கியம். திருத்தத்தை முன்மொழிய அது இரண்டு வழிகளைத் தருகிறது. முதல் வழியில், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் முன்மொழிய வேண்டும். இரண்டாவது வழியில், மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களின் சட்டமன்றங்கள், அதாவது இன்றைய 50 மாநிலங்களில் 34, விண்ணப்பித்தால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியாக வேண்டும். எந்த வழியில் வந்தாலும், நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38, ஒப்புதல் அளித்தால்தான் திருத்தம் சட்டமாகும். இதுவரை நிறைவேறிய 27 திருத்தங்களும் முதல் வழியில் முன்மொழியப்பட்டவை. இரண்டாவது வழி ஒருமுறைகூடத் திறக்கப்படாத கதவு.

அந்தக் கதவு அமைந்ததே கடைசி நேரத்தில்தான். பிலடெல்பியாவில் கூடிய மாநாடு எழுதிய சட்டம் 1787 செப்டம்பர் 17 அன்று கையெழுத்தானது. அதற்கு இரண்டு நாள் முன், செப்டம்பர் 15 அன்று, மாநாட்டுப் பிரதிநிதிகளில் ஒருவரான ஜார்ஜ் மேசன் எழுந்து, மத்திய அரசே அடக்குமுறை செய்தால் அந்த அரசிடமே திருத்தம் கேட்டு நிற்பது எப்படி என்று வாதிட்டார். நியாயமான கேள்வி அது. மாநாட்டு வழி எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது. அப்போது மற்றொரு பிரதிநிதியான ஜேம்ஸ் மாடிசன், அத்தகைய மாநாட்டின் வடிவம் என்ன, எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பன போன்ற சிக்கல்கள் எழும் என்று சொல்லி வைத்தார். அவர் சொன்ன சிக்கல்களுக்கு இன்றுவரை விடை எழுதப்படவில்லை என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதற்கு மீண்டும் வருவேன்.

சமய நம்பிக்கையாளர்களுக்கு இந்தச் சட்டத்தின் மீது பழைய மனக்குறை ஒன்று உண்டு. தேதியைக் குறிக்கும் வழக்கமான சொற்றொடரைத் தவிர, சட்டத்தின் உடலில் இறைவனின் பெயர் எங்குமே இல்லை. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863-இல், ஒஹாயோ மாநிலத்தின் சீனியா நகரில் கூடிய புராட்டஸ்டன்ட் சபையினர், அந்தப் போரே இந்த விடுபாட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று கருதி, எல்லாம் வல்ல இறைவனையும் இயேசு கிறிஸ்துவையும் முகவுரையில் ஏற்றுக்கொள்ளும் திருத்தம் ஒன்றைக் கோரினார்கள். அவர்கள் காங்கிரசின் கதவைத்தான் தட்டினார்கள். 1874-இல் பிரதிநிதிகள் அவையின் நீதிக்குழு அதை மறுத்துவிட்டது. அதன் பிறகு, அரசு எழுதித் தந்த பிரார்த்தனையைப் பொதுப் பள்ளியில் சொல்ல வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தபோதும், கருக்கலைப்பு உரிமையை 1973-இல் ஏற்றபோதும் அந்தக் குறை கோபமாக வளர்ந்தது. கருக்கலைப்புத் தீர்ப்பை மாற்றும் திருத்தம் 1983-இல் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய இடத்தில் கிடைத்தது ஆதரவாக 49, எதிராக 50. காங்கிரஸ் தங்களுக்கு வழிவிடாது என்ற ஐயத்தில், அதற்கு முன்பே 19 மாநிலங்கள் இதே பொருளுக்காக மாநாடு வேண்டி விண்ணப்பித்திருந்தன.

இங்கே, எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1787 ஜூன் 28, அதே பிலடெல்பியா மாநாடு. பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் பிரதிநிதித்துவம் குறித்து வாரக்கணக்கில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. 81 வயதான பெஞ்சமின் பிராங்க்ளின், தலைமை இருக்கையில் அமர்ந்திருந்த ஜார்ஜ் வாஷிங்டனை நோக்கிப் பேசினார். ஒரு சிட்டுக்குருவிகூட இறைவன் அறியாமல் தரையில் விழுவதில்லை என்றால், அவன் துணையின்றி ஒரு பேரரசு எழ முடியுமா என்று கேட்டார்; நாள்தோறும் காலையில், அலுவலைத் தொடங்கும் முன், நகரத்துப் போதகர் ஒருவரைக் கொண்டு பிரார்த்தனை நடத்த வேண்டும் என்று முன்மொழிந்தார். ரோஜர் ஷெர்மன் வழிமொழிந்தார். இதுவரையான பகுதி அங்குள்ள தேவாலய மேடைகளில் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அதன் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இத்தனை நாள் இல்லாமல் இப்போது பிரார்த்தனையைத் தொடங்கினால், உள்ளே பெரும் பிளவு என்று ஊர் நினைக்கும் என்று ஹாமில்டன் உள்ளிட்ட சிலர் அஞ்சினார்கள். போதகருக்குக் கொடுக்க நிதி இல்லை என்றார் வில்லியம்சன். வாக்கெடுப்பே இல்லாமல் அன்றைய கூட்டம் கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மாநாடு பிரார்த்தனையைத் தேவையற்றதாகக் கருதியது என்று பிராங்க்ளின் தம் உரையின் கீழே தம் கைப்படக் குறித்து வைத்தார்.

நான் இறைநம்பிக்கை உள்ளவன். நம்பிக்கை உடையவர்கள் தம் நாட்டின் சட்டத்தில் தம் மனச்சாட்சி ஒலிக்க வேண்டும் என்று விரும்புவதில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் ஒரு மாநாடு தன்னைக் கூட்டியவர்களின் விருப்பப்படி நடந்துகொள்ளும் என்று அவர்கள் நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1787 மாநாடே அதற்குச் சான்று. அதுவரை மாநிலங்களை இணைத்திருந்த பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவது ஒன்றே அதன் நோக்கம் என்று காங்கிரஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில் தீர்மானம் போட்டிருந்தது. கூடியவர்கள் அந்த விதிகளையே ஒதுக்கிவிட்டுப் புதிய சட்டம் எழுதினார்கள். திருத்தத்துக்கு 13 மாநிலங்களும் இசைய வேண்டும் என்ற விதியையும் தாண்டி, 9 மாநிலங்கள் இசைந்தால் போதும் என்று தாங்களே வரையறுத்தார்கள். பொருள் நிரலில் இல்லாத பொருள்தான் அன்று நாட்டையே புதிதாக அமைத்தது. அது நன்மையாக முடிந்தது என்று நானும் கருதுகிறேன். இன்னொரு முறையும் அப்படியே முடியும் என்பதற்கு உறுதியில்லை.

இன்றைய இயக்கத்துக்கு வருகிறேன். மாநிலங்களின் மாநாடு என்ற பெயரிலான இயக்கத்தை 2013-இல் மார்க் மெக்லரும் மைக்கேல் பாரிஸும் தொடங்கினார்கள். பாரிஸ் ஒரு பாப்டிஸ்ட் போதகர், வழக்கறிஞர், வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் குடும்பங்களுக்காக 1983-இல் சட்டப் பாதுகாப்பு அமைப்பை நிறுவியவர். பிள்ளையின் கல்வியைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கவலை. ஆனால் மாநிலங்கள் நிறைவேற்றும் விண்ணப்பத்தில் சமயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மத்திய அரசின் நிதிக்குக் கட்டுப்பாடு, அதன் அதிகாரத்துக்கும் ஆள்வரம்புக்கும் எல்லை, பதவிக்காலத்துக்கு வரம்பு, இவை மூன்றே பொருள்கள். இவற்றில் நடுவில் உள்ள பொருளைக் கவனியுங்கள். மத்திய அதிகாரத்தின் எல்லை என்ற சொல்லுக்குள் பள்ளிப் பிரார்த்தனை, திருமணம், பெற்றோர் உரிமை என எதையும் கொண்டுவந்துவிடலாம். நான் முதலில் சொன்ன அழைப்பிதழின் கடைசி வரியைப் போன்றது அது. 2014-இல் ஜார்ஜியா முதலில் இதை நிறைவேற்றியது. 2022 வரை 19 மாநிலங்கள் நிறைவேற்றியிருந்தன.

2016 செப்டம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் இவர்கள் ஓர் ஒத்திகை மாநாட்டையே நடத்திப் பார்த்தார்கள். 50 மாநிலங்களிலிருந்து 137 பேர் வந்து, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் ஆறு திருத்தங்களை நிறைவேற்றினார்கள். ஐந்தில் மூன்று பங்கு மாநிலங்கள் சேர்ந்தால் மத்தியச் சட்டம் எதையும் செல்லாததாக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்றால், ஏறத்தாழ 3 கோடியே 95 லட்சம் மக்கள் வாழும் கலிபோர்னியாவும் 5 லட்சத்து 76 ஆயிரம் மக்கள் வாழும் வயோமிங்கும் ஒரே எடை. ஐந்தாம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வேறு எப்படி என்றும் சொல்லவில்லை. மாடிசன் சொன்ன சிக்கல் இதுதான்.

இதை எதிர்ப்பவர்கள் இடதுசாரிகள் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். உறுதியான கத்தோலிக்கரும், ஆண் பெண் சம உரிமைத் திருத்தத்தை எதிர்த்து நின்று தடுத்தவருமான பிலிஸ் ஷ்லாப்லி, தம் வாழ்நாள் முழுவதும் மாநாட்டு வழியையும் எதிர்த்தார். அவருக்கு 1988-இல் எழுதிய கடிதத்தில் முன்னாள் தலைமை நீதிபதி வாரன் பர்கர், ஒரு மாநாட்டின் செயல்களைக் கட்டுப்படுத்தவோ அதன் வாயைக் கட்டவோ பயனுள்ள வழி ஏதும் இல்லை என்று குறிப்பிட்டார். நாம் பிரார்த்தனையைச் சேர்க்கப் போவோம், மற்றவர்கள் சமயச் சுதந்திரத்தையே குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம், ஒரே தேவாலயத்தில் அருகருகே அமர்ந்திருப்பவர்களைக்கூடப் பிரித்திருக்கிறது. 38 மாநிலங்களின் ஒப்புதல் இருக்கும்போது என்ன பயம் என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். அது வலுவான வாதம்தான். ஆனால் ஒப்புதல் விதியையே மாற்றிக்கொண்ட மாநாடு ஒன்று ஏற்கெனவே இருந்திருக்கிறது.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப் போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். விண்ணப்பங்களை எண்ணுவது பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளுக்காக அனுப்பியதை இன்னொரு பொருளோடு சேர்த்து எண்ணலாமா, அனுப்பிய மாநிலம் பின்னர் திரும்பப் பெறலாமா, எத்தனை ஆண்டுகள் அது செல்லும் என்பதற்கெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் விடை இல்லை. மேரிலாந்து, நெவாடா, நியூ மெக்சிகோ ஆகியவை 2017-இல் தங்கள் பழைய விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றன. மறுபக்கம், உரிமைகள் சாசனம் வேண்டும் என்று நியூயார்க் சட்டமன்றம் 1789-இல் அனுப்பிய விண்ணப்பத்தையும் இன்றைய 34-க்கான கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள்.

செவிமடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.