ஹேட்டரஸ் தீவுக்கு ஒரே சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹேட்டரஸ் தீவுக்குத் தரைவழி ஒன்றுதான்: மாநில நெடுஞ்சாலை 12. ரோடாந்தே, பக்ஸ்டன் போன்ற கிராமங்களுக்குப் பாலும் பெட்ரோலும் வருவது இதில்தான், ஆம்புலன்ஸ் போவதும் இதில்தான். கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பாம்லிகோ காயல். நடுவே ஒடுங்கிய மணல்திட்டு, அதன்மேல் இருவழித் தார்ச்சாலை.

புயல் என்றதும் எல்லோரும் கடல் பக்கமே பார்க்கிறார்கள். காயல் பக்கமும் அதே அளவு ஆபத்தானது. புயலின் முன்பகுதிக் காற்று காயல் நீரை மேற்கே தள்ளிக் குவிக்கும். புயல் தாண்டியதும் காற்று திசை மாறும். குவிந்த தண்ணீர் அத்தனையும் தீவின் முதுகுப் பக்கம் திரும்பிப் பாயும். கடலோர மணல்மேடு அதை மறிக்க, தாழ்ந்த இடம் பார்த்து உடைத்துக்கொண்டு கடலில் இறங்கும். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் இப்படித்தான் ரோடாந்தேக்கு வடக்கே சாலையைப் பிளந்தது. தற்காலிக இரும்புப் பாலம் போட்டுப் போக்குவரத்தைத் திறக்க அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை பெருநிலத்தில் இருக்கும் ஸ்டம்பி பாயிண்டிலிருந்து வரும் ஃபெரிப் படகுதான் கதி.

தீவின் வடமுனையில் இருப்பது ஒரிகன் முகத்துவாரம், அதாவது காயலும் கடலும் சேரும் திறப்பு. 1846 புயலில் திறந்தது, இன்றும் தெற்கு நோக்கி நகர்கிறது. 1963இல் அங்கே கட்டிய பாலத்தில் கப்பல் போகும் கண் ஓரிடத்தில் நிலையாக இருந்தது. கப்பல் போகத் தேவையான ஆழமான வாய்க்காலோ மணல் நகர்வதால் இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஆகவே ஓயாமல் தூர்வார வேண்டியிருந்தது. 1990 அக்டோபரில் தூர்வாரும் கப்பலே புயற்காற்றில் பாலத்தில் மோதி, ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுபடி திறந்தது 1991 பிப்ரவரியில். தூண்களின் அடிமணலை நீரோட்டம் அரித்ததால் 2013 டிசம்பரிலும் பாலத்தைச் சில நாள் மூடினார்கள்.

2019இல் திறந்த புதிய பாலம் நகரும் வாய்க்கால், மணல் அரிப்பு இரண்டுக்கும் விடை சொல்கிறது. நீளம் 2.8 மைல். உயரமான கண்கள் பல இருப்பதால் வாய்க்கால் நகர்ந்தாலும் கப்பல் வேறு கண்ணில் போகலாம். பாலத்தைத் தாங்க மணலுக்குள் அடித்த பைல் தூண்கள் 130 அடி ஆழம் வரை இறங்குகின்றன. உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். 2022இல் ரோடாந்தே அருகே கரையோரச் சாலையையே கைவிட்டு, காயலுக்குள் 2.4 மைல் பாலம் கட்டித் திறந்தார்கள். தீவு நகரும் என்பதை ஒப்புக்கொண்டு கட்டுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. மற்ற இடங்களில் இன்னும் பேலோடர் வைத்து மணலை அள்ளி மேட்டில் போடுவதும், அடுத்த அலை அதை வாரிக்கொண்டு போவதும்தான் நடக்கின்றன.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வடகிழக்குக் காற்று பலமாக வீசும்போது, முக்கியமாக அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடல் ஏற்ற நேரத்தில் நீர் சாலையில் ஏறும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுங்கள். தண்ணீருக்கு அடியில் தார் இருக்கிறதா, அரித்துப் போயிருக்கிறதா என்று வண்டியிலிருந்து தெரியாது; அதில் இறங்காதீர்கள். சாலையோர மணலில் வண்டியை ஒதுக்கினால் சக்கரம் புதையும். உப்புநீர் தெறித்திருந்தால் அன்றே நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தையும் பிரேக்கையும் கழுவிவிடுங்கள். ஓக்ரகோக் தீவுக்குத் தொடர்ந்து போவதானால், ஹேட்டரஸ் ஊரிலிருந்து கார் ஏற்றும் ஃபெரி இருக்கிறது, கட்டணமில்லை. காற்று பலத்தால் அதுவும் நிற்கும்; சாலை நிலவரத்தோடு ஃபெரி நிலவரத்தையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.