மறைத்ததே அதிகம்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். "போர்முனையிலிருந்து வந்த கடிதம் வீட்டுக்குச் சொன்னது அதிகமா, மறைத்தது அதிகமா?" இதுதான் தலைப்பு. கடிதம் வீரனின் மனக்கண்ணாடி என்று சொல்லி அமர்ந்தார் எதிரணித் தலைவர். அந்தக் கண்ணாடி வீடு போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர் கைபட்டது என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. வந்த சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிப்பாய் வாயால் சொல்ல, எழுதத் தெரிந்த தோழர் உருதுவிலோ, பஞ்சாபியின் குர்முகி எழுத்திலோ எழுதுவார். பிறகு பட்டாளத்து அதிகாரி பார்ப்பார். அதற்கும் மேலே, ஹோவெல் என்ற அதிகாரியின் தலைமையில் பிரான்சிலேயே இயங்கிய தணிக்கை அலுவலகம். இத்தனையும் தாண்டி ஊர் வந்தால், படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். உறவும் அக்கம்பக்கமும் சுற்றி உட்கார்ந்து கேட்கும். நடுவர் அவர்களே, மனைவிக்கென்று ஒரு வார்த்தையை அந்தச் சிப்பாய் எந்த வரியில் வைப்பார்?

அதே போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்தது. படிவ எண் ஏ.2042. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்', 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று வாக்கியங்கள் தயாராக இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டு, கையெழுத்தும் தேதியும் மட்டும் போட வேண்டும். கூட ஒரு சொல் எழுதினால் அட்டை அழிக்கப்படும் என்று அதன் தலையிலேயே அச்சிட்டிருந்தார்கள். மருத்துவமனை வரிக்குக் கீழே 'நோய்', 'காயம்' என்று இரண்டே சொற்கள். கை போனதா, கண் போனதா? அதற்கு அட்டையில் இடமில்லை. காயம் என்றால் 'தேறி வருகிறேன்', 'சீக்கிரம் வெளியே வருவேன்' என்பவைதான் அதற்கு மேல் அச்சில் இருந்தவை. தேறாதவன் எதை அடிப்பான், எதை விடுவான்?

எதிரணியில் பேசிய சகோதரி மிளகுக் கதையைச் சொன்னார். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கறுப்பு தீர்ந்துபோகிறது என்று பூடகமாக எழுதினார்களாம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு நமக்கு எங்கிருந்து கிடைத்தது? தணிக்கை அலுவலகத்தின் கோப்பிலிருந்து! ஒளித்துச் சொன்னது வீட்டுக்குப் புரிந்ததோ இல்லையோ, யாருக்குப் புரியக்கூடாதோ அவருக்குப் புரிந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதிரணி நண்பர்கள் மேற்கோள் காட்டிய உருக்கமான வரிகள் பலவும் அதே தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைகளுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்து எடுக்கப்பட்டவை. வாராவாரம் மேலிடத்துக்குப் போன அறிக்கைகள் அவை. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில கடிதங்களின் கீழே 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்ற குறிப்பு உண்டு. 'படையில் சேராதே' என்று தம்பியை எச்சரித்த வரிகள் அப்படித்தான் நின்றன. நூறு ஆண்டு கழித்து நாம் படிக்கிறோம். அந்தத் தம்பி படிக்கவில்லை.